தங்கவயலில் ஒரு மீன் தொட்டி

விடியற்காலை 4 மணிக்கு சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் விழித்திருப்பவர்கள் இரண்டு வகை. பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் ஒரு வகை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பழைய சுரங்கத் தொழிலாளிகள் இன்னொரு வகை. 2024 ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், இரண்டாவது வகையைச் சேர்ந்த ஒரு பெரியவர்தான் முதலில் பார்த்தார். முன்னறையில் பேத்திக்காக வைத்திருந்த மீன் தொட்டியில் அத்தனை மீன்களும் மேலே வந்து, வாயைத் தண்ணீர்ப் பரப்பில் ஒட்டவைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரவு 1 மணிக்குப் போன கரண்ட் வரவில்லை. காற்றுக் குமிழ் விடும் மோட்டார் நின்று மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அவர் யாரையும் எழுப்பவில்லை. சமையலறையிலிருந்து சொம்பை எடுத்து வந்தார். தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து அதே தொட்டியில் மெல்லிய தாரையாக ஊற்றினார். மறுபடி மொண்டார், மறுபடி ஊற்றினார். டீக்கடையில் டீ ஆற்றுகிற மாதிரி. நடுநடுவே நிறுத்தி, தன் மூச்சு அடங்கக் காத்திருந்து, மறுபடி ஆரம்பித்தார். ஐந்தரை மணிக்கு மருமகள் எழுந்து வந்தபோது மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியிருந்தன. ஒன்று மட்டும் இறங்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. பேத்தி பெயர் வைத்து வளர்த்த தங்கமீன்.

கோலார் தங்கவயலில் தங்கமீன் செத்தது என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

இந்தியாவில் மின்சாரத்தை முதலில் அனுபவித்த ஊர்களில் ஒன்று இது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே நேராக இங்கேதான் வந்தது. பெங்களூருக்கு விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905-ல். கம்பி இழுத்ததன் நோக்கம் சுரங்க இயந்திரங்களை ஓட்டுவது. அப்புறம் துரைமார் பங்களாக்கள் வெளிச்சம் கண்டன, கிளப்புகள் கண்டன. தொழிலாளிகளின் தட்டி வீடுகளை எட்ட அது வெகுகாலம் எடுத்துக்கொண்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்ற பிறகு ஷாப்டுகளில் தண்ணீர் ஏறியது. வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து நான்கு தலைமுறையாகக் கல் உடைத்தவர்களின் பிள்ளைகள் இன்று மாரிகுப்பத்திலும் கோரமண்டலிலும் ரயிலேறி, 100 கிலோமீட்டர் தள்ளிப் போய் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

அப்படிப் போய் வருகிற ஒருவர்தான் பெரியவரின் மகன். மகளுக்கு எட்டு வயது. பகலில் அவளை அவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு விடுமுறையில் பெங்களூர் கப்பன் பூங்காவில் 1983-ல் திறந்த மீன் காட்சியகத்தைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, அவள் மீன் வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். 2024 ஜனவரியில் ராபர்ட்சன்பேட்டையில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி வாங்கினார்கள். ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம், ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். மீன்கள் பெங்களூர்க் கடையிலிருந்து மாலை ரயிலில் வந்தன. பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். நான்கு தங்கமீன், இரண்டு ஏஞ்சல், ஆறு நியான் டெட்ரா. பார்க்க அழகாக இருந்தவற்றையெல்லாம் மகள் விரல் நீட்டினாள், அப்பா வாங்கினார்.

எந்த மீன் எந்த ஊர்க்காரன் என்று கடையில் யாரும் சொல்வதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. தங்கமீன் கெண்டை இனம். சீனர்கள் ஆயிரம் வருடமாகக் குளங்களில் வளர்த்து நிறம் மாற்றி எடுத்தது. அதற்குப் பிடித்தது குளிர்ந்த நீர், 20 டிகிரிக்குப் பக்கம். நியான் டெட்ரா அமேசான் காட்டுக்குள் நிழலில் ஓடும் ஓடைகளின் மீன். 26 டிகிரிக்கு மேல் நீடித்தால் அதற்கு ஆகாது. ஏஞ்சலும் அமேசான்தான், ஆனால் கொஞ்சம் சூடு தாங்கும். மூன்றையும் ஒரே தொட்டியில் போடுவது, ஊட்டிக்காரரையும் மதுரைக்காரரையும் ஒரே போர்வைக்குள் படுக்கவைப்பது போலத்தான்.

புத்தகங்களும் உதவுவதில்லை. மீன் வளர்ப்பு பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் பெரும்பாலும் ஹீட்டரில்தான் ஆரம்பிக்கின்றன. 'வெப்பமண்டல மீன்' என்ற பெயரே குளிர்நாட்டுக்காரர்கள் வைத்தது. ஹீட்டர் இல்லாவிட்டால் செத்துப்போகும் மீன் என்பதுதான் அவர்கள் அகராதியில் அதற்குப் பொருள். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் முதல் பொது மீன் காட்சியகத்தைத் திறந்தவர்களுக்கும், அதைப் பார்த்துவிட்டு வீட்டு வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்தவர்களுக்கும் கவலை குளிரைப் பற்றி. 1909-ல் சென்னை மெரீனாவில் மீன் காட்சியகம் வந்த பிறகும், நம் ஊரில் இந்தப் பழக்கம் புத்தகத்தோடு சேர்ந்தே வந்தது. சூட்டில் என்ன செய்வது என்பதற்கு அந்தப் புத்தகங்களில் அரைப் பக்கம் கிடைத்தால் அதிகம். தமிழில் இதற்கு ஒரு சொல்கூட ஒழுங்காக நிலைக்கவில்லை. அரசுப் பலகைகளில் 'மீன் காட்சியகம்', வீட்டில் 'மீன் தொட்டி', கடைக்காரர் வாயில் 'டேங்க்'. தொட்டி என்பதே நல்ல சொல். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் தொட்டிதான், அதில் யாரும் ஹீட்டர் போட்டதில்லை.

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் இதமான ஊர். ஆனால் மீனுக்கு இந்த இதம் ஒரு பொறி. சென்னையில் கோடையில் தொட்டித் தண்ணீர் இரவும் பகலும் 30, 31 டிகிரியில் நிற்கும். மீன் அதற்குப் பழகிவிடும். பீடபூமியில் பகலில் 36 டிகிரி வெயில், இரவில் 23 டிகிரி குளிர்ச்சி. ஷீட் கூரை போட்ட லைன் வீட்டில், மேற்குச் சுவரை ஒட்டி வைத்த சிறு தொட்டி மாலை 5 மணிக்கு 33-ல் இருக்கும், விடியற்காலையில் 26-க்கு இறங்கியிருக்கும். தினமும் இப்படி ஏறி இறங்குவதை எந்த மீனும் விரும்புவதில்லை. தண்ணீர் அதிகமாக இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு குறையும். பெரிய தொட்டிதான் சுலபம், சின்னக் கண்ணாடிக் குடுவைதான் கஷ்டம். கடைகளில் குழந்தைகளுக்கென்று விற்பதோ குடுவைகளை. 2024-ல் ஏப்ரல் வேறு மோசமாக இருந்தது. பெங்களூரிலேயே 38 டிகிரியைத் தாண்டியது.

சூடு மீனை நேரடியாகக் கொல்வது அபூர்வம். சூடு கொல்வது மூச்சை வைத்து. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அது கடற்கரைக் கணக்கு. தங்கவயல் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இதிலும் பத்தில் ஒரு பங்கு கழியும். அதே சமயம் தண்ணீர் 10 டிகிரி சூடானால் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் மாதிரி. தொட்டியில் பச்சைச் செடி இருந்தால் பகலில் ஆக்சிஜன் தரும். இரவில் அதுவும் மீனோடு போட்டி போட்டு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மூச்சுத் திணறல் விடியற்காலையில் உச்சத்துக்கு வருகிறது. பெரும்பாலான வீடுகளில் அதைப் பார்க்க யாரும் விழித்திருப்பதில்லை. காலையில் எழுந்து, "நேத்து ராத்திரி நல்லாத்தானே இருந்துச்சு" என்பார்கள்.

பெரியவர் விழித்திருந்ததற்குக் காரணம் நுரையீரல். ஆரம்ப வருடங்களில் டிரில் மிஷினோடு நின்ற காலத்தின் கல்தூசு. சிலிகோசிஸ் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1940-ல் மைசூர் அரசு அதற்கென்றே நஷ்டஈட்டு விதிகள் கொண்டுவந்தது. 1940-களில் 7,653 தொழிலாளிகளைச் சோதித்தபோது பத்தில் நாலு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது தெரிந்தது. பிற்பாடு அவர் காற்றோட்டப் பிரிவுக்கு மாறினார். வேலை, ஒவ்வொரு மட்டத்திலும் போய் வெப்பம் அளப்பது. கிலுகிலுப்பை போலக் கையில் பிடித்துச் சுழற்றும் கருவி. அதில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று காய்ந்தது, இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். மேலே இயந்திரம் வைத்துக் குளிரூட்டிய காற்றைக் கீழே தள்ளித்தான் அங்கே மனிதர்கள் நின்றார்கள்.

1961-ஆம் வருட உலோகச் சுரங்க விதிகள் பாறை எவ்வளவு சூடு என்று கேட்பதில்லை. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்றுதான் கேட்கின்றன. அது 33.5 டிகிரியைத் தாண்டினால் அங்கே வேலை கூடாது. 30.5-ஐத் தாண்டினால் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்திலாவது காற்று ஓட வேண்டும். காற்று உலர்ந்திருந்தால் வேர்வை காயும், உடம்பு குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் வேர்வை காயாது. அப்போது குறைந்த சூடும் ஆளைச் சாய்த்துவிடும்.

இந்தப் பாடம் மீன் தொட்டிக்கு உதவும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. முதலில் முயன்றது மகன்தான். தங்கமீன் செத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் சுட்டது. ஐஸ் கடையிலிருந்து ஒரு பெரிய பாளம் வாங்கி வந்து தொட்டியில் இறக்கினார். அரைமணி நேரத்தில் 33 டிகிரி 26 ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். மாலைக்குள் நியான் டெட்ரா ஆறும் போய்விட்டன. ஏஞ்சல் ஒன்று மறுநாள் போயிற்று. மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடேதான். திடீரென்று ஏழு டிகிரி இறக்குவது, கொதிக்கிற வெயிலில் வந்தவரைக் கிணற்றில் தள்ளுவதற்குச் சமம். குளிர்விக்கத்தான் வேண்டும் என்றால் மூடிய பாட்டிலில் உறைந்த தண்ணீரை மிதக்கவிட்டு, மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டிலைத் திறந்து கரையவிட்டால் குழாய்த் தண்ணீரின் குளோரினும் சேர்ந்து இறங்கும்.

"ஐஸ் வேணாம்பா. காத்து நகர்ந்தா போதும்" என்றார் பெரியவர். மேலே மூடியிருந்த கண்ணாடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாமலிருக்கக் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டினார். டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பை உரசிப் போகிற மாதிரி சாய்த்து வைத்தார். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்றினார்கள். அழகுக்கு எரிந்த விளக்கைப் பகலில் அணைத்தார்கள். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறதோ அதே வித்தைதான். 50 லிட்டரில் அரை லிட்டர் ஆவியானால், கணக்குப்படி மிச்சத் தண்ணீர் 5 டிகிரிக்கு மேல் குளிர வேண்டும். அறையின் சூடு திரும்பப் புகுந்துகொண்டே இருப்பதால் கைக்குக் கிடைப்பது 2, 3 டிகிரி. அந்த 2, 3 டிகிரியில்தான் மீனின் உயிர் இருக்கிறது. இந்த வித்தை சென்னையில் பாதிகூட வேலை செய்யாது. கடற்கரைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது, தண்ணீர் ஆவியாக இடமில்லை. கோலார் மாவட்டத்தின் மார்ச், ஏப்ரல் காற்று காய்ந்த காற்று. ஊரை வறட்டும் அதே காற்று தொட்டியைக் குளிர்விக்கிறது.

பழைய ஷிப்ட் நோட்டின் காலிப் பக்கங்களில் அவர் குறிக்க ஆரம்பித்தார். காலை, மாலை, தண்ணீர்ச் சூடு, அறைச் சூடு. பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மாலைக் கணக்கு அவளுடையது.

தீனியையும் குறைத்தார்கள். சூட்டில் மீன் அதிகம் தின்னும், அதிகம் கழியும். கழிவில் வரும் அம்மோனியாவில் விஷமான பங்கு சூட்டோடு கூடுகிறது. காரத்தன்மை சற்றே தூக்கலான போர்வெல் தண்ணீரில் 25 டிகிரியில் அது 5 சதவீதம் என்றால், 30 டிகிரியில் 7-ஐத் தாண்டும். ஒரு நாள் பட்டினி போட்டால் மீன் சாகாது. இது குழந்தைகளுக்குப் புரியவைக்க மிகவும் கடினமான செய்தி. தாத்தா பாட்டிகளுக்கு அதைவிடக் கடினம்.

காற்றடித்தால் இன்னொரு தொல்லை. ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கும் சயனைட் மேடுகளிலிருந்து கோடையில் பொடி பறக்கும். தண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் படிந்தால், காற்று உள்ளே போக அது ஒரு தடை. ஒரு பழைய செய்தித்தாளை விரித்துத் தண்ணீர்மேல் படுக்கவைத்து, ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தால் படலம் தாளோடு வந்துவிடும். தினத்தாள்களுக்கு இப்படியும் ஒரு பயன்.

சண்டை வந்தது தண்ணீருக்காகத்தான். பாலாற்றில் அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து ஒரு காலத்தில் சுரங்கத்துக்கும் ஊருக்கும் நீர் வந்தது. இப்போது மாவட்டம் ஆயிரம் அடிக்கும் கீழே துளை போட்டுத் தண்ணீர் தேடுகிறது. குழாயில் வருகிற நாள் தெருவில் குடங்களின் வரிசை. தொட்டிக்கு வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். கால்பங்கு என்றால் கிட்டத்தட்ட ஒரு குடம். "மனுஷனுக்கே இல்ல மாமா, மீனுக்கு ஒரு குடமா?" என்று மருமகள் கேட்டதில் என்ன தவறு? குடத்தைத் தூக்கி வருபவர் அவர். மீனை வாங்கிய கணவர் அப்போது ரயிலில் இருப்பார். பெரியவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல், கொல்லையில் மருமகள் வைத்திருந்த கறிவேப்பிலைக்கும் தக்காளிக்கும் ஊற்றினார். மீன் கழிவு நல்ல உரம். இரண்டு மாதத்தில் கறிவேப்பிலை துளிர்த்த வேகத்தைப் பார்த்து, குழாய் வருகிற நாளில் ஒரு குடத்தை வாய் திறந்தபடி தனியாக வைக்கத் தொடங்கியவர் மருமகளேதான். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். செடிக்குப் போகும் வழியில் அந்தக் குடம் மீனிடம் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

மீனும் மாறியது. பங்காருப்பேட்டையைத் தாண்டினால் வருவது காமசமுத்திரம். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் பெரியவரின் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே போனபோது தங்கை வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு தூக்குவாளியில் பத்து, பன்னிரண்டு கப்பி மீன்களைப் பிடித்து வந்தார். கிணற்றில் கப்பி எப்படி வந்தது என்பது தனிக் கதை. பட்டுப்பூச்சி வளர்க்கும் கிராமங்கள் அவை. மலேரியாவுக்கு மருந்தடிக்க ஆட்கள் வந்தால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். மருந்து பட்டால் புழு சாகும், பிழைப்பு போகும். 1990-களில் மலேரியா ஆராய்ச்சி மையத்தினர் வேறு வழி எடுத்தார்கள். காமசமுத்திரம் ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்த கிராமங்களின் கிணறுகளில் கப்பி மீனை விட்டார்கள். கொசுப் புழு அதற்குப் பிரியமான தீனி. சில வருடங்களில் அந்தக் கிராமங்களில் மலேரியா வெகுவாக இறங்கியது. உலகத்து மலேரியாக்காரர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் சோதனை அது. நடந்தது தங்கவயலின் கொல்லைப்புறத்தில்.

கப்பியும் வெளியூர்தான். தென் அமெரிக்கா பக்கம், டிரினிடாட் தீவில் அதைப் பிடித்து 1866-ல் லண்டனுக்கு அனுப்பியவரின் பெயர்தான் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் சூடு தாங்கும், கடினத் தண்ணீர் தாங்கும். போர்வெல் தண்ணீர் அதற்குச் சொந்த ஊர்த் தண்ணீர் மாதிரி. முட்டை போடாமல் குட்டி போடும், அதுவும் மாதம் ஒருமுறை. கூடிவிட்டது என்று ஏரியில் கொண்டுபோய் விடுவதுதான் தவறு. மூடிய கிணறு வேறு, ஏரி வேறு. ஏரியில் நம் சின்ன மீன்களின் குஞ்சையும் முட்டையையும் தின்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சூட்டு ஊருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது. தண்ணீருக்கு வெளியே இருக்கும் காற்றையே மொண்டு சுவாசிக்கும் மீன்கள். கௌராமி, ஃபைட்டர் எல்லாம் அந்த ஜாதி. தலைக்குள் மடிப்பு மடிப்பாக ஒரு தனி உறுப்பு அவற்றுக்கு உண்டு. தமிழ்நாட்டுக் குளங்களின் பனையேறிக் கெண்டையும் அவற்றின் உறவு. 1791-ல் தரங்கம்பாடியில் இருந்த டேல்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தின் வெடிப்பில் ஒரு மீனைப் பிடித்ததாக எழுதி வைத்தார். ஐரோப்பியர்கள் அதைப் பற்றி நூறு வருடத்துக்கு மேல் வாதாடினார்கள். பெயரிலேயே பனையேற்றம் வைத்திருந்த மீனவர்களைக் கேட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். இந்த மீன்கள் கரண்ட் போனாலும் மூச்சு திணறுவதில்லை. அதற்காக ஃபைட்டரை ஜாம் பாட்டிலில் அடைத்து விற்பதை ஏற்க முடியாது. மூச்சு முட்டாது, சரி. அரை லிட்டர் தண்ணீர் வெயிலில் எவ்வளவு நேரத்தில் சுடும்?

கோடை முடிந்தது என்று நினைத்தபோது மார்கழி வந்தது. 2024 டிசம்பரில் அறை இரவில் 17 டிகிரிக்கு இறங்கியது. கப்பிகளின் வாலிலும் ஏஞ்சலின் மேலும் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். ஒட்டுண்ணி நோய். தண்ணீர் சட்டென்று குளிரும்போது மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து பற்றிக்கொள்ளும். அதற்கு முதல் மருந்து சூடு. மெதுவாக ஏற்றி 30 டிகிரியில் சில நாள் நிறுத்தினால் கிருமியின் சுற்று அறுந்துபோகும். கோடை முழுக்க இறக்கப் பாடுபட்ட அதே எண்ணுக்கு இப்போது ஏற்ற வேண்டும். மகன் பெங்களூரிலிருந்து 50 வாட் ஹீட்டர் வாங்கி வந்தார். புத்தகக்காரர்கள் கடைசியில் ஜெயித்தார்கள், வருடத்தில் ஒரு மாதத்துக்கு. ஹீட்டர் போட்ட பிறகு காற்றுக் குமிழையும் கூட்டச் சொன்னார் பெரியவர். சூட்டோடு மூச்சும் குறையும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மிஞ்சிய தங்கமீன்கள் மூன்றும் இன்று வீட்டுக்குள் இல்லை. கொல்லையில் முருங்கை மர நிழலில் கிடந்த பழைய சிமெண்ட் தொட்டிக்கு அவற்றை மாற்றினார்கள். மண்ணில் பாதி புதைந்த தொட்டி, வீட்டை விட நாலு டிகிரி குறைவு. அவை அங்கே உள்ளங்கை நீளம் வளர்ந்துவிட்டன. முன்னறைத் தொட்டியில் கப்பிகள் எத்தனை என்பது பேத்தியின் நோட்டில் வாரம் ஒரு எண்ணாக மாறுகிறது. லைனில் நாலு வீடுகளுக்கு அவள் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே நிபந்தனை, ஏரியில் விடக்கூடாது.

2025 மே மாதத்தில் ஓர் இரவு மறுபடி கரண்ட் போனது. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் வாங்கி வைத்திருந்தார்கள். அது ஒரு மணி நேரத்தில் இருமி நின்றது. பெரியவர் எழ முயன்றார். அன்று அவருக்கு மூச்சு மோசமாக இருந்தது, இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. இருட்டில் சமையலறைப் பக்கம் பாத்திரச் சத்தம். பேத்தி சொம்போடு வந்து ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கொசுவலையைச் சுருட்டிவிட்டு மொண்டு ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் உயரத்துலேர்ந்து ஊத்து பாப்பா" என்றார் சுவரில் சாய்ந்தபடி.

"தெரியும் தாத்தா. நீங்க பேசாதீங்க, மூச்சு வாங்குது" என்றாள் அவள்.